நிற்காத கோழியும் கால் இல்லாத பேயும்

கூண்டிலிருந்து எடுத்த கோழியை ரமாபாய் நேராகக் கத்திக்குக் கொடுத்துவிட மாட்டாள். தரையில் ஒருதரம் நிறுத்திப் பார்ப்பாள். மார்பு பெருத்த அந்த வெள்ளைக் கோழி இரண்டு எட்டு வைப்பதற்குள் முட்டி மடங்கி உட்கார்ந்துவிடும். "உக்காந்துட்டியா நைனா? சரி, வா" என்று தூக்கி ரஹீம் பாயிடம் நீட்டுவாள். அவர் பிஸ்மில்லா சொல்லி அறுப்பார். தோலுரிப்பதும் துண்டு போடுவதும் அவள் வேலை. எப்போதாவது ஒன்று நின்று, நடந்தும் காட்டிவிட்டால் அதை மறுபடி கூண்டில் விட்டுவிடுவாள். "நிக்குது பாய். இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டுமே." சாயங்காலம் அதையும் அவளேதான் எடுத்துக் கொடுப்பாள். அதற்காகக் கண் கலங்குகிற ஆள் இல்லை.

காலடிப்பேட்டை மார்க்கெட்டில் ரஹீம் பாயின் பிராய்லர் கடைக்கு அவள் வந்து சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. குழந்தையில் வந்த இளம்பிள்ளை வாதம் இரண்டு கால்களையும் சூம்ப வைத்துவிட்டது. காலுக்குப் போகவேண்டிய பலமெல்லாம் வழி தவறித் தோளுக்கு வந்துவிட்டதோ என்று ரஹீம் பாய் நினைத்துக்கொள்வார். முழுக் கோழி நிரம்பிய கூடையை அவள் உட்கார்ந்தபடியே ஒரு கையால் இழுப்பதை முதல்நாள் பார்த்து வாயைப் பிளந்தவர், இன்றைக்கும் முழுசாக மூடவில்லை.

"இது ஊசி போட்ட கோழியாம்மா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. அவளும் பதில் சொல்லிச் சலித்ததில்லை.

"ஊசி இன்னாத்துக்கு சார்? பொறக்கசொல்லவே கறிக்குன்னு பொறந்தது. சதை வேணும்னு கேட்டீங்க, சதை வந்துகீது. காலு வேணும்னு எவனாச்சும் கேட்டீங்களா? எனக்காச்சும் ஜொரம் வந்து போச்சு. இத்த வேணும்னே இப்டி பண்ணி வச்சிகீறாங்கோ. ஒரு கிலோவா, ரெண்டா?"

 கேட்டவர் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு போவார். அவளும் ஞாயிற்றுக்கிழமை அதே கோழியைத்தான் குழம்பு வைத்துத் தின்கிறாள். குறை சொல்வது வேறு, பசி வேறு.

கோழிக்கு அடுத்தபடி அவள் மனசில் இருப்பது பேய். பேய்ப்படம் எது வந்தாலும் வெள்ளிக்கிழமை ஆட்டம் அவளுக்கு. தியேட்டர்காரன் பக்கத்துக் கதவைத் திறந்துவிடுவான். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியோடு உள்ளே போய் முன்வரிசை ஓரத்தில் நிறுத்திக்கொள்வாள். கொட்டகையே அலறும்போது அவள் மட்டும் சிரிப்பாள்.

"தபாரு பாய், பேய்க்கு காலு கெடையாது. ஆனா மாடி ஏறுது, கதவத் தாண்டுது, கேட்டாண்ட வந்து நிக்குது. அத்தப் பாத்து எவனாச்சும் 'த்சொ த்சொ, பாவம்'ங்கறானா? வேட்டி நனையுது அவனுக்கு! அந்த மரியாத எனக்குப் புடிச்சிகீது."

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவளுக்குப் படம் எடுப்பவர்கள்மேல் கோபம். பங்களா என்றால் ஒரு நொண்டி வாட்ச்மேனை லாந்தரோடு நடக்கவிடுகிறார்கள். "கொல பண்ணவன் கடைசில ரெண்டு காலும் ஷோக்கா கீறவனா இருப்பான். ஆனா படம் பூரா பயங்காட்டறது நொண்டிதான். அவனுக்கு இன்னா சம்பளம் குடுத்தானோ!"

வீட்டில் சிடி போட்டுப் பார்க்க ஒரு டிவியும் உண்டு. அது உட்கார்ந்திருப்பது ஒரு தையல் மெஷின்மேல். ஊனமுற்றோர் தினத்தன்று ஒரு சங்கம் மேடை போட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்து அவளுக்கு வழங்கியது. காலால் மிதிக்கும் மெஷின். "இன்னா வேணும்னு கேக்க மாட்டாங்கோ பாய். இன்னா கீதோ அத்தக் குடுப்பாங்கோ. வாங்கிக்கினு கும்புடு போடணும்." அவள் கும்பிடு போட்டுத்தான் வாங்கினாள். டிவிக்குச் சரியான உயரம்.

ஒரு வருஷம் மழை ஓய்ந்ததும் அவள் வண்டி போயிற்று. கடல்காற்று அரித்துவைத்திருந்த அச்சு, கண்டெய்னர் லாரிகள் குதறிப் போட்ட ரோட்டில் இரண்டாக முறிந்தது. பற்றவைக்க இரும்பு மிச்சம் இல்லை என்று பட்டறைக்காரன் கையை விரித்துவிட்டான். அன்றிலிருந்து கோழி லோடு ஏற்றும் ஆட்டோவில்தான் ரஹீம் பாய் அவளைக் கொண்டுவந்து விட்டார். அவர் முகம் சுளித்ததே இல்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு நாளும் கசந்தது. கூண்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வருபவள் வழியெல்லாம் வாயே திறக்க மாட்டாள். புது வண்டி வராவிட்டால் வேலையை விட்டுவிடுவாள் என்பது அவருக்குத் தெரிந்துபோயிற்று.

பள்ளிக்கூடம் ஒன்றில் இலவச வண்டி கொடுக்க முகாம் போட்டார்கள். ஊனம் எத்தனை சதவீதம் என்று டாக்டர் எழுதவேண்டும். அது குறைந்தால் வண்டி கிடையாது. ரஹீம் பாய் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே போனார். வழியெல்லாம் பாடம் நடத்தினார். "ரமாக்கா, இன்னிக்கு ஒருநாள் ஒண்ணும் முடியாதவளா இரு. நான் தூக்கியாந்து உக்கார வைக்கறேன். கொஞ்சம் அழு."

வரிசையில் அவளுக்கு முன்னால் இருந்து, டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தவள் காசிமேட்டு மங்கம்மா. ஐஸ் பெட்டி விழுந்து கால் போன மீன்காரி. அவளும் அதையே சொன்னாள். "பெட்டுமேல ஏறச் சொல்லுவாரு. ஏறிடாத. நான் தொபுக்குனு வுழுந்தேன் பாரு, எழுதிட்டாரு."

ரமாபாயின் முறை வந்தது. ரஹீம் பாய் தூக்க வருவதற்குள் கைகளை ஊன்றித் தானே நகர்ந்து உள்ளே போனாள். பரிசோதனைக் கட்டில் உயரமாக இருந்தது. "ஏற முடியுமா?" என்றார் டாக்டர். தூக்கிவிட இரண்டு தொண்டர்கள் ஓடிவந்தார்கள். வாசலில் நின்று ரஹீம் பாய் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ரமாபாய் தொண்டர்களை விலகச் சொன்னாள். கட்டிலின் விளிம்பைப் பிடித்தாள். ஒரே மூச்சு. உடம்பு தரையிலிருந்து எழும்பி மேலே போய் உட்கார்ந்தது. புடவையைச் சரிசெய்துகொண்டாள். ரஹீம் பாய்க்கு வண்டியும் மறந்தது, சொல்லிக்கொடுத்த பாடமும் மறந்தது. மயிர்க்கூச்செறிய நின்றார்.

டாக்டர் டேப்பை வைத்துக் கால்களை அளந்தார். மேஜைக்குத் திரும்பிப் பேனாவை எடுத்தார். "நீதான் இவ்வளவு நல்லா ஏறுறியேம்மா. உனக்கு எதுக்கு வண்டி?"

 வாசலில் மங்கம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ரமாபாய் கட்டிலிலிருந்து இறங்கி, மேஜைக்கு எதிரே கிடந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "அந்த வண்டிய காலாலயா சார் ஓட்டறாங்கோ?" என்றாள். சதவீதம் எழுதவேண்டிய தாளை ஓரமாக நகர்த்தினாள். முழங்கையை மேஜைமேல் ஊன்றி, பலம் பார்க்க வா என்பதுபோல உள்ளங்கையை விரித்து, டாக்டரின் கைக்காகக் காத்திருந்தாள்.