எல்லா ஆய்விலும் சின்னப்பையன்

ஒரகடத்துத் தொழிலாளி என்ன நினைக்கிறார் என்று உலகம் தெரிந்துகொள்ள ஆசைப்படும்போதெல்லாம், ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் பிரஸ் மெஷினிலிருந்து சின்னப்பையனைக் கூப்பிடுவார்கள். தண்டலம் பக்கத்துக் கல்லூரிகள், வெளிநாட்டு ஆலோசகர்கள், தலைமை அலுவலகம், யார் வந்தாலும் சூப்பர்வைசர் வசந்தகுமார் அனுப்புவது அவரைத்தான். மற்றவர்கள் கேன்டீன் சாம்பாரைப் பற்றிப் பேசிவிடுகிறார்கள். சின்னப்பையனோ டீம் ஒர்க், மனநிறைவு என்று கேட்பவர் மனம் குளிரப் பேசுவார். பேட்டி தந்தவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஆராய்ச்சி தர்மம். எனவே ஒவ்வோர் ஆய்விலும் அவர் புதுப்புது ஆளாகப் பிறந்துகொண்டிருந்தார்.

இத்தனையும் ஒரு ஸ்டூலுக்காக. நாள் முழுக்க நின்று நின்று அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. உட்கார்ந்தே பார்க்கும் இன்ஸ்பெக்‌ஷன் வேலைக்கு ஓர் இடம் காலியாகிறது, நன்றாகப் பேசினால் பார்க்கலாம் என்று வசந்தகுமார் சொல்லியிருந்தார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

இந்த முறை வந்தவள் தென்றல். எம்.பி.ஏ. கடைசி வருடம், அவள் வீட்டில் முதல் பட்டதாரி. நம்மூர்ப் பெண்போல் தெரிகிறாளே என்று சின்னப்பையன் அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டார். நிற்க முடியவில்லை, படி ஏறினால் உயிர் போகிறது.

அவள் மடிக்கணினியைப் பார்த்துத் தயங்கினாள். நின்று வேலை செய்வது இங்குள்ளவர்களுக்குச் சுறுசுறுப்பைத் தருவதாக முந்தைய ஆய்வுகள் எல்லாமே சொல்கின்றனவே என்றாள்.

“அத்த சொன்னது நான்தாம்மா.”

“எந்த ஆய்வுல, அண்ணா?”

“எல்லாத்துலயும்.”

தென்றல் அந்த ஆய்வுகளை நம்பித் தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் முழுவதையும் எழுதி, வழிகாட்டியிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தாள். கடைசியில் ‘சிலருக்குச் சிறு அசௌகரியம்’ என்று தட்டினாள். தன்னைச் சிலர் என்று எழுதியதில் சின்னப்பையனுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

ஸ்டூல் பக்கத்து மெஷின் லோகேஷுக்குப் போனது. லோகேஷுக்கு வயது இருபத்து மூன்று. முட்டி கல்லுபோல இருந்தது. சின்னப்பையன் போய்க் கேட்டதற்கு வசந்தகுமார் வருத்தத்தோடுதான் சொன்னார்: “உன்ன உக்கார வெச்சிட்டா, நின்னுகினு வேலை செய்றவங்களப் பத்திப் பேச எனக்கு யாருய்யா கீறாங்க?”

இனி எந்த ஆராய்ச்சிக்கும் வரப்போவதில்லை என்று சின்னப்பையன் சத்தியம் செய்தார். அடுத்த மாதம் வேறொரு கல்லூரியிலிருந்து ஆள் வந்தபோது முதல் ஆளாகப் போனார். பேட்டி அறையில் நாற்காலி போட்டிருந்தார்கள்.