முதல் மூன்று வரிகள்

அவார்டு சார் போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தேன். அமெரிக்காவிலிருந்து அவர் மகள் எமிலி கூப்பிட்டாள். அவள்தான் சொன்னாள். சொன்னாள் என்பதுகூடச் சரியில்லை; அதைக் கடைசியில் எழுதுகிறேன். பர் துபாயில் அந்த ஜவுளிக்கடை மாடியில் எங்களோடு உட்கார்ந்து எழுதியவர்களுக்கும், அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கும் இது.

அவர் பெயர் ஹோவர்டு. டீ கொண்டுவரும் காசிம் பாயின் வாயில் அது நுழையவில்லை. “அவார்டு சார், சாயா” என்பார். எங்களுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. காரணம் தெரிந்தபோது மனுஷன் டீ சிந்தச் சிந்தச் சிரித்தார். “முப்பது வருஷம் டிவிக்கு எழுதினேன். கிடைத்த ஒரே அவார்டு காசிம் கொடுத்ததுதான்” என்றார்.

போலீஸ் தொடர், ஆஸ்பத்திரித் தொடர் என்று அமெரிக்காவில் எழுதித் தள்ளியவர். நன்றாக ஓடியது ஒரு குடும்பத் தொடர். அதில் ஒரு பெண் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள், ஊரே சிரிக்கும். நிஜத்தில் அப்படி அழுதவள் எமிலி. பள்ளிக்கூடத்தில் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். வளர்ந்து வீட்டைவிட்டுப் போனவள் அப்பாவோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். “நல்ல காட்சி என்று பார்த்தேன். என் மகள் என்று பார்க்கவில்லை” என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். அறுபது தாண்டியதும் அங்கே வேலை வரவில்லை. இங்கே ஒரு கம்பெனி நம் தொழிலாளிகளைப் பற்றித் தொடர் எடுக்கக் கூப்பிட்டது, வந்துவிட்டார். விசா பாரம் டைப் அடித்துக்கொண்டிருந்த என்னைத் தமிழ் வசனத்துக்குச் சேர்த்துக்கொண்டார்.

வந்த வாரமே சண்டை. தொழிலாளர் கேம்பிலிருந்து ஒருவன் மனைவிக்குப் போன் செய்யும் காட்சி. “சாப்டியா?” “ம், சாப்டேன். நீங்க?” “என்ன கொழம்பு?” என்று ஆரம்பித்திருந்தேன். மூன்று வரிக்கும் அர்த்தம் கேட்டுவிட்டு, சிவப்புப் பேனாவால் அடித்து “கலாஸ், முடிந்தது” என்றார். “எந்தக் காட்சியிலும் முதல் மூன்று வரி குப்பை. எழுதுகிறவன் தொண்டையைக் கனைத்துக்கொள்கிறான், அவ்வளவுதான்.” எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஆட்கள் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள் என்றேன். கேட்டால்தானே! இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மூன்றாம் நாள் சாப்பிட்டுக்கொண்டே அறந்தாங்கியில் இருக்கும் மனைவியோடு பேசினேன். கையெல்லாம் சோறு என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

“என்ன கொழம்பு?”

“கொழம்பு வைக்கலங்க. ரசந்தான்.”

“யாருக்குக் காச்சல்?”

“சின்னவளுக்கு. நேத்துலேருந்து. டூட்டில இருக்கப்ப எதுக்குச் சொல்லணும்னு…”

என்ன விஷயம் என்று சார் கேட்டார். சொன்னேன். “காய்ச்சல் என்று அவள் சொன்னாளா?” “இல்ல சார், ரசம்னு சொன்னா.” கையிலிருந்த சாண்ட்விச்சைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தார். அடித்த வரியை எடுக்காமல் விடச் சொல்வதற்குத் தமிழில் என்ன என்று கேட்டு, மூன்று வரிக்கும் பக்கத்தில் கோணல்மாணலாக ‘இருக்கடடும்’ என்று எழுதினார். புள்ளி வைக்க மறந்துவிட்டார். நான் திருத்தவில்லை.

அதுவரை மகளுக்குப் போன் செய்தால் நேரே விஷயத்துக்குப் போவார், அவளும் ‘சரி’ என்று வைத்துவிடுவாள். அந்த வாரம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். “உங்களுக்கு உடம்பு சரியில்லையா?” என்று பயந்துபோய்க் கேட்டாளாம். அடுத்த வாரம், “அது எதற்கு உங்களுக்கு?” என்றாளாம். அவர் விடாமல் கேட்டார். நாங்கள் எழுதுவதுபோலப் பாவனை செய்துகொண்டு காதை அங்கேயே வைத்திருப்போம். நாலாவது வாரம் போனை வைத்துவிட்டு, “டோஸ்ட்!” என்று கத்திக்கொண்டு எழுந்தார். காசிம் பாய் டோஸ்ட் வாங்க ஓடினார்.

“தூக்கம் வராவிட்டால்தான் டோஸ்ட் தின்பாள். குழந்தையிலிருந்தே அப்படித்தான்” என்றார். “இப்போது நான் என்ன செய்ய?” அத்தனை காட்சி எழுதிய மனுஷன் என்னைக் கேட்கிறார்!

“திரும்பக் கூப்பிடுங்க சார். ஏன் தூங்கலன்னு கேளுங்க.”

ஒரு மணி நேரம் பேசினார்கள். அன்றுதான் கதவைச் சாத்திக்கொண்டு அழும் அந்தக் காட்சிக்காக மகளிடம் மன்னிப்புக் கேட்டார். டோஸ்ட் ஆறிப்போனது, காசிம் பாயே தின்றார்.

தொடர் முடிந்ததும் எமிலி அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிப்போனாள். இதயக் கோளாறு வந்த பிறகும் மாதம் ஒருமுறை எனக்குப் போன் வரும். “சாப்டியா? என்ன கொழம்பு?” ‘நீங்க’ போடும் மரியாதை எல்லாம் அவருக்குத் தெரியாது. நானும் பழக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். பதிலைக் காது கொடுத்துக் கேட்க அவரால்தான் கற்றேன். எங்களில் யாரும் அவரைப்போல மனசார உழைத்ததில்லை. அவரை எனக்கு அவ்வளவு பிடிக்கும், அதை ஒருதரமும் அவரிடம் சொல்லவில்லை. புள்ளியில்லாத அந்த ‘இருக்கடடும்’ இருக்கும் பக்கம் என்னிடம்தான் இருக்கிறது. பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை எமிலி கூப்பிட்டபோது அங்கே இன்னும் விடிந்திருக்காது. எனக்கு அது உறைக்கவில்லை.

“அங்கிள், சாப்டியா?” என்றாள், அப்பாவைப் போலவே.

“சாப்பிட்டேன்.”

“என்ன கொழம்பு?”

“மீன் குழம்பு” என்றேன் சந்தோஷமாக. “நீ என்ன சாப்பிட்டாய்?”

“டோஸ்ட்.”

“அப்பா எப்பம்மா…?” என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன்.