சித்திக்கு ரங்கூன் காட்டிய நாள்

சித்தி புறப்பட்டு வருகிறாள் என்று ஊரில் போட்ட கடிதம் எந்தக் கப்பலில் ரங்கூனுக்கு வந்ததோ, அதே கப்பலில் சித்தியும் வந்து இறங்கிவிட்டாள். துணைக்கு வந்த ஊர்க்காரர் ஒருவர் ஓடி வந்து சொன்ன பிறகுதான் எங்களுக்கு விஷயமே தெரியும்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. லான்மடாப் பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் சித்தப்பா மூன்று வருஷமாக ஒரு பர்மியப் பெண்ணோடு குடித்தனம் நடத்தி வந்தார். நான் அவளை அக்கா என்று கூப்பிடுவேன். ரங்கூன் தமிழர் அத்தனை பேருக்கும் தெரிந்த இந்தச் சேதி கடல் தாண்டி ஊருக்கு மட்டும் போகவில்லை. சாயங்காலத்துக்குள் அவளை மாவ்பி கிராமத்தில் இருக்கும் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது, அதுவரை சித்திக்கு நகரத்தைச் சுற்றிக் காட்டுவது என்று பெரியவர்கள் கூடி முடிவு செய்தார்கள். காட்டுகிற பொறுப்பு பெரியப்பாவுக்கு. புருஷனின் அண்ணனோடு சித்தி நேருக்கு நேர் பேசமாட்டாளாகையால், இருவருக்கும் நடுவில் பேச்சைக் கொண்டுபோய்க் கொடுக்க நான். எனக்கு எட்டு வயது. ஏற்பாடு இன்னதென்று என்னிடம் ஒருவரும் சொல்லவில்லை. அன்றைய பிழைகளில் அதுவே முதலாவது.

சித்தப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று துறைமுகத்தில் பெரியப்பா என்னிடம் சொன்னார். நான் சித்தியிடம் சொன்னேன். சித்தி தலையை ஆட்டினாள்.

பெட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு டிராம் ஏறினோம். ரங்கூன் எனக்குத் தலைகீழ்ப் பாடம் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆகவே, "பெரியப்பா, இது பசுந்தாங் போற டிராம். நம்ம வீடு அந்தப் பக்கம்" என்று வண்டி முழுக்கக் கேட்கும்படி திருத்தினேன். பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையை அவமானத்தின் பார்வை என்று எடுத்துக்கொண்டு, பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

பசுந்தாங்கில் நான் சர்பத்தைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். பிறகு ஒரு ஜப்பானியரின் போட்டோக் கடை. பின்னால் தொங்கிய திரையில் பனிமலையும் வளைந்த பாலமும் கூரை கூரையாக ஒரு ஜப்பான் நகரமும் எழுதியிருந்தது. அதற்கு முன்னால் எங்களை நிறுத்தி அவர் கறுப்புத் துணிக்குள் புகுந்துகொண்டார். ஒரே நாளில் ஜப்பானையும் பார்த்தாயிற்று என்று நான் மகிழ்ந்து அசைந்ததில் முதல் படம் வீணாயிற்று. நேரம் போவதற்காக வந்த பெரியப்பா, முதல் தடவையாக என்னைத் தட்டிக்கொடுத்தார்.

"சித்தப்பா ஆபீஸ் எத்தனை மணிக்கு விடும்னு கேளு" என்றாள் சித்தி. கேட்டேன். "அதெல்லாம் சொல்ல முடியாதுன்னு சொல்லு" என்றார் பெரியப்பா. சொன்னேன்.

அடுத்து ஷ்வேடகோன் புத்தர் கோயில். படிக்கட்டின் அடியில் பெரியப்பா பூட்ஸைக் கழற்றி வைத்தார். தங்கக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்த சித்தி, கப்பல் ஏறியபின் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்திருப்பாள். பர்மியப் பெண்கள் பூ விற்பதை நின்று பார்த்தாள். ஒருத்தியிடம் வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, நன்றாயிருக்கிறதா என்று என்னைக் கேட்டாள். இறங்கி வந்தால் பூட்ஸ் இல்லை.

கோட்டு, தலைப்பாகை, வெறுங்கால். பங்குனி வெயிலில் பெரியப்பா கொதிக்கிற தரையில் கால் மாற்றிக் கால் வைத்துக்கொண்டே, இனி ஏரியைச் சுற்றி வரலாம் என்றார். மனிதருக்கு வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று முடிவுகட்டி, நான் சித்தியின் கையைப் பிடித்து எதிரே வந்த டிராமில் ஏற்றிவிட்டேன். அது நேரே எங்கள் தெருமுனைக்குப் போகும். பெரியப்பா தாவித்தாவி வந்து தொற்றிக்கொண்டார்.

மணி மூன்றுகூட ஆகவில்லை. வாசலில் ஒரு குதிரை வண்டி நின்றது. மாடிப்படியில் அக்கா ஒரு தகரப் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மேலே, லீவு கிடைக்காத சித்தப்பா இருமுவது கேட்டது.

"யாருடா இது?" என்றாள் சித்தி.

"சித்தப்பா வீட்டு அக்கா" என்றேன். காலையிலேயே கேட்டிருந்தால் காலையிலேயே சொல்லியிருப்பேன்.

இரண்டு பேரும் அந்தக் குறுகலான படியில் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றார்கள். அக்கா பெட்டியைச் சுவரோரம் ஒதுக்கி வழிவிட்டாள். சித்தி ஏறவில்லை. திரும்பி, என்னைத் தாண்டி, பெரியப்பாவிடமே பேசினாள்.

"கொஞ்சம் நகருங்க. பெட்டியை இறக்கணும்."

பெரியப்பா சுவரோடு ஒட்டிக்கொண்டார். சித்தி புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு பக்கத்து வளையத்தைப் பிடித்தாள். மறுபக்கத்தை அக்கா பிடித்தாள். படிப்படியாக இறக்கி வண்டியில் ஏற்றினார்கள். அது உதவி செய்ததா, வழியனுப்பிவிட்டதா என்று பின்னால் பெரியவர்கள் வருஷக்கணக்கில் வாதாடினார்கள். எனக்கு அன்று அந்தச் சந்தேகமே வரவில்லை. இருவர் கண்ணிலும் நீர் நிற்பதைப் பார்த்து, பெட்டி நல்ல கனம் போலிருக்கிறது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.