காசிமேட்டு அம்மாவின் சின்னக் கார்

கணவர் காரில் எண்ணூருக்கு வேலைக்குப் போய்விடுவார். மகளைப் பள்ளியில் விட, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் பழைய காரைத் தேடினேன். காசிமேட்டில் மீன் மொத்த வியாபாரம் செய்யும் ஓர் அம்மா தன்னுடையதை விற்பதாக அறிந்து, மகளோடு போனேன். பெரிய மூக்குத்தி, தூக்கிச் செருகிய சேலை. அந்த அம்மா எந்த லாரி ஓட்டுநரைப் பார்த்தாலும் வம்பளப்பார்.

“மீன் நாத்தம் போகுமாம்மா?”

“ரெண்டு மாசத்துல பூடும் கண்ணு. மைலேஜ் போவாது.”

ஓட்டிப் பார்த்தேன். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஒன்று வழிவிடாமல் நெருக்க, பிரேக்கை மிதித்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா, லாரி ஓட்டுநரைப் பார்த்துத் தலையை வெளியே நீட்டினார்.

“நைனா, இனிமே இது இந்தப் பொண்ணு வண்டி! உள்ள கொயந்த கீது. இடிச்ச, வூட்டாண்ட வந்து ஒதைப்பேன்!”

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே வழிவிட்டார்.

நான் வாங்குவதாகச் சொல்லவே இல்லை. வாங்குவேன் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரிந்ததோ! எனக்கே, அந்த லாரியைக் கடந்து மகளோடு சேர்ந்து சத்தமாகச் சிரித்த பிறகுதான் தெரிந்தது.