ஒரு மானிட்டர், ஒரு நாற்காலி

போன வாரம் பரணை ஒழித்தபோது தடித்த கறுப்புக் கேபிள் ஒன்று என் தலையில் விழுந்தது. ஒரு முனையில் கீபோர்டு, மவுஸ், மானிட்டர் என்று மூன்று கொண்டைகள். ரப்பர் வாசம் இன்னும் போகவில்லை. "இதத் தூக்கிப் போட்டரட்டுங்களா?" என்றாள் மனைவி. "இருக்கட்டும்" என்றேன். ஏன் என்று அவளுக்கு விளக்க அலுப்பாக இருந்தது. உங்களிடம் சொல்கிறேன்.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனி. சர்வர் ரூமில் பஷீர் பாயும் நானும் வேலை. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும். நான் ஏற்றுமதியில் கழித்துப்போட்ட ஸ்வெட்டரோடு டீக்குப் போவேன். "ஏனுங்க, ஊட்டில இருந்து வர்றீங்களா?" என்று தையல் பிரிவுப் பெண்கள் கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன். பாய்க்குச் சிரிக்க முடியாது. அவருக்கு வீசிங். ஏசிக் குளிரில் நெஞ்சு கீச்சுக்கீச்சென்று இழுக்கும். தெரிந்தால் வேலைக்கு ஆபத்து என்று யாரிடமும் சொல்லவிடவில்லை.

சர்வர்களைப் பார்க்க அங்கே கேவிஎம் பெட்டிகள் இருந்தன. ஒரே கீபோர்டையும் மானிட்டரையும் வைத்துக்கொண்டு, பட்டனைத் தட்டித் தட்டி ஒவ்வொரு சர்வராகப் பார்க்கலாம். ஆனால் பெட்டிக்குப் பெட்டி தனி மானிட்டர். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் இரண்டு பேரும் குளிரிலேயே அலைவோம். "எல்லாப் பெட்டியையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துட்டா, மானிட்டர வெளிய கொண்டாந்தரலாமுங்களே தம்பி" என்றார் பாய். வெளியே உட்கார முடிந்தால் அவருக்கு மூச்சு தங்கும், வேலையும் தங்கும். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோத்தோம். ஒன்றைத் தலைப்பெட்டியாக வைத்து, மற்றப் பெட்டிகளின் கேபிள்களை அதன் முதுகில் செருகினோம். திரை கறுப்பாகவே நின்றது. நான் கேபிளைத் திட்டினேன், கடையைத் திட்டினேன், கடைசியில் என் ஜாதகத்தையும் திட்டினேன். தலைப்பெட்டிக்கு முதலில் கரண்ட் கொடுத்து, பிறகு மற்றவற்றுக்குக் கொடுத்தபோது எல்லாம் வரிசையாக உயிர் பெற்றன. நீளக் கேபிளைச் சுவருக்கு வெளியே இழுத்து, ஒரு மேஜை, ஒரு மானிட்டர், ஒரு நாற்காலி போட்டோம். பாய் அதில் உட்கார்ந்து மப்ளரைக் கழற்றினார். அன்றைக்கு இருந்த சந்தோஷம் எனக்கு அப்புறம் எந்த வேலையிலும் வரவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் முதலாளியே தட்டோடு ஒவ்வொரு மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக்கொண்டு வருவார். முந்தின வருஷம் சர்வர் ரூமில் மானிட்டர் மானிட்டராக வைத்தவர், இந்த முறை ஒன்றுக்கு வைத்துவிட்டு அடுத்ததைத் தேடினார்.

"அவ்வளவுதானுங்களா?"

"எல்லாமே இதுக்குள்ள வந்துருச்சுங்க" என்றேன் பெருமையாக.

தட்டைக் கையில் வைத்தபடி நாற்காலியைப் பார்த்தார். "அப்ப ஒருத்தரு போதுமுங்களே. பாய், நீங்க நாளன்னைக்கு நிட்டிங் பக்கம் போயிருங்க. அங்க ஆளில்லீங்க."

நிட்டிங்கில், துணி பின்னும் மெஷின்களுக்கு நடுவே, நாள் முழுக்கப் பஞ்சுத்தூசி பறக்கும். நான் வாயைத் திறந்தேன். பாய் என் கையை அழுத்திப் பிடித்தார். "சரிங்க மொதலாளி" என்றார்.

நான்கைந்து மாதம் தாக்குப்பிடித்தார். பிறகு வேலைக்கு வரவில்லை.

அந்தச் சர்வர்களும் இப்போது இல்லை. எல்லாம் கிளவுடுக்குப் போய்விட்டது. எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. ரூமில் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறார்கள். சுவருக்கு வெளியே இழுத்த அந்த நீளக் கேபிளை மட்டும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். என்னையும் பில்லிங்குக்கு மாற்றிவிட்டார்கள். காலையில் எழுந்து போகிறேன், சாயங்காலம் வருகிறேன்.

மழைக்கு முன்னால் அவிநாசிபாளையம் பஸ் ஸ்டாப்பில் பாயைப் பார்த்தேன். இளைத்திருந்தார். பேச்சுக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினார்.

"ஏனுங்க தம்பி, நம்ம மானிட்டரு இப்பவும் வெளியதான இருக்குதுங்க?"

"வெளியதானுங்க பாய்" என்றேன்.

"அப்படியே இருக்கட்டுங்க" என்றார். "உள்ள உக்காந்தா நெஞ்சு தாங்காதுங்க."