பாதர் வீட்டுக் கம்பியூட்டர் எழும்பாத கிழமை

வன்னியில் கம்பியூட்டர் திருத்துகிறவனுக்கு முதலில் வேண்டிய சாமான், சைக்கிளுக்குக் காற்றடிக்கிற பம். மற்றதெல்லாம் போகிற இடத்தில் இரவல் வாங்கலாம். பழைய பெட்டி ஒன்றின் முன்னால் குந்தியிருந்து, வீட்டுக்காரரின் முகத்தைப் பாராமல் 'இப்ப வரும், இப்ப வரும்' என்று நீங்களும் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியானால் நீங்கள் நம்மவர். இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் மாங்குளம் சந்தியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தேன். கொழும்பில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக, சுற்றுவட்டாரத்தில் இருந்த நாலைந்து கம்பியூட்டர்களுக்கும் நானே வைத்தியன். அவற்றில் ஒன்றோடு ஒரு கிழமை பட்ட பாடு இது.

மூன்றாம் ஓலை

ஒட்டுசுட்டான் பக்கத்தில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் கொட்டில் போட்டு இருந்தன. அவர்களோடு வந்த பாதரின் வீட்டில் ஒரு கிழட்டுக் கம்பியூட்டர். இடம்பெயர்ந்த அன்று உழவு இயந்திரப் பெட்டியில் நனைந்த ஞானஸ்நானப் புத்தகங்களைப் பாதர் தாள் தாளாகப் பிரித்துக் காயவிட, மை அழியுமுன் ஒரு ரீச்சர் எல்லாவற்றையும் இங்கிலீசில் அடித்து அதற்குள் ஏற்றியிருந்தார். புத்தகங்களைப் பிறகு கறையான் தின்றது. ஆக, ஒரு ஊரின் பிறப்பு முழுக்க அந்தப் பெட்டிக்குள்.

பெட்டி ஒரு திங்கட்கிழமை எழும்பவில்லை. எழும்பினாலும் பாதியில் விழுந்தது. அந்தக் கொட்டில்களில் ஒன்றில் இருந்த மாகிறேற் அக்காவின் மகள் ஜெசிந்தாவுக்கு அக்கராயனில் மாப்பிள்ளை. அங்கே கோயிலில் கலியாண ஓலை, அதுதான் மூன்று ஞாயிறு பூசையில் வாசிக்கிற கலியாண அறிவித்தல், இரண்டு முறை வாசித்தாயிற்று. மூன்றாம் ஓலை வாற ஞாயிறு. அதற்குள் பெட்டை ஞானஸ்நானம் பெற்றதற்கு அத்தாட்சித் துண்டு கைக்கு வராவிட்டால் வாசிக்க ஏலாது என்று அந்தக் கோயில் பாதர் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு தவறினால் தவக்காலம் வந்துவிடும், தவக்காலத்தில் கலியாணம் இல்லை. உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பொறுக்க மாப்பிள்ளையின் தகப்பன் ஆயத்தமில்லை. மகனுக்கு வேறு இரண்டு இடத்தில் சம்பந்தப் பேச்சு இருந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்ந்தேன். சைக்கிள் ஸ்ராண்ட் போட முதலே மாகிறேற் அக்கா வந்து பின் கரியலைப் பிடித்துக்கொண்டார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஏழு வருடம். கருவாடு விற்று மகளை வளர்த்த மனுசி. அவா சொன்ன முதல் வார்த்தை:

"தம்பி, உந்தப் பெட்டி எழும்பினாத்தான் என்ர பெட்டை கரைசேருவாள்."

வைரசுக்கு வைத்தியம்

உள்ளே போனால் கம்பியூட்டர் நுளம்பு வலைக்குள் இருந்தது. வலைக்கு மேல் தறப்பாள். பக்கத்தில் ஒரு சட்டியில் வேப்பிலைப் புகை. கோயில் காரியம் பார்க்கிற மூப்பர் சந்தியாப்பிள்ளைதான் இந்த ஏற்பாட்டுக்குப் பொறுப்பு. முந்தின முறை வந்தபோது 'வைரஸ் பிடிச்சிருக்கு, கவனம்' என்று நான் சொல்லிவிட்டுப் போனேனாம். மலேரியாவில் மூன்று தரம் விழுந்தெழும்பிய மனுசன். காய்ச்சல் என்றால் என்ன செய்யவேண்டும் என்று அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமா?

பெட்டியைத் திறந்தேன். உள்ளே காற்றாடி முழுக்க வேப்பம்புகைக் கரி, அடுப்படிச் சுவர் தோற்றது. காற்றுப் போக வழியில்லாமல் சூடேறித்தான் பாதியில் விழுந்திருக்கிறது. சைக்கிள் பம்மால் கால் மணித்தியாலம் ஊதினேன். எனக்கும் மூப்பருக்கும் மாகிறேற் அக்காவுக்கும் தும்மல். மூப்பருக்கு நோகாமல், இந்த வைரஸ் வேறு, இது பிளாப்பியோடு வாறது என்று விளங்கப்படுத்தினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்களுக்கெல்லாம் நுளம்பு கடிச்சுத்தான் வாறது. இவருக்கு மட்டும் பிளாப்பி கடிச்சு வாறதோ?"

இருமல்

சூட்டுக்கு வழி செய்தாயிற்று. புதன்கிழமை காலை போட்டால் திரை வெளிச்சம் வந்தது, எழுத்து வந்தது, டக்கென்று செத்தது. எண்ணெய் வீணாகாமல் ஜெனறேற்றரை நிறுத்தி, எழுப்பி, மறுபடி போட, மறுபடி செத்தது. இப்படிப் பத்துத் தரம். பத்துத் தரமும் மாகிறேற் அக்கா வாசலில் நின்று செபமாலை உருட்டினார். செபத்தின் நடுவில் 'வந்திட்டுதோ?' என்றும் கேட்டார்.

பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. பிழை பெட்டியில் இல்லை, வெளியே மாமரத்தின் கீழ் நின்ற ஜெனறேற்றரில். அந்தக் காலத்தில் வன்னிக்குச் சாமான் வரத் தடை, பெற்றோல் மருந்துக்கும் கிடையாதே. நாலு சொட்டுப் பெற்றோலில் எழுப்பி, சத்தம் சீரானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மாறுகிற நேரம் அது ஒருக்காக் குக்கி இருமும், கறண்ட் துள்ளும். பெற்றோல் வீணாகக்கூடாதென்று மூப்பர், ஜெனறேற்றர் சத்தம் கேட்டவுடனேயே கம்பியூட்டரைப் போடச்சொல்லிக் கைகாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் மந்தி மாதிரிப் போட்டிருக்கிறேன். இனிமேல் இருமி முடிந்து ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடித்த பிறகுதான் கைகாட்ட வேண்டும் என்று சட்டம் போட்டேன். மூப்பர் ஜெனறேற்றரின் பக்கமே நின்றார்.

"பெற்றோலில பெத்து மண்ணெண்ணெயில வளர்க்கிறம். பாவம், இருமாமல் என்ன செய்யும்?"

மறதி

வியாழக்கிழமை பெட்டி விழாமல் நின்றது. நின்று, தனக்குள் டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது என்றது. உங்களுக்கும் இது வந்திருக்கும். உள்ளே இருக்கிற சின்னப் பற்றறி செத்தால் அந்தக் காலத்துக் கம்பியூட்டருக்குத் தன் டிஸ்க்கின் அளவு மறந்துபோகும். ஒவ்வொரு முறையும் ஒரு மூன்று இலக்க எண்ணைக் கொடுக்கவேண்டும். புதுப் பற்றறியோ, வவுனியாவைத் தாண்டி ரோச் லைற்றுக்குப் போடுகிற பற்றறிகூட வராத காலம். பிழையான இலக்கம் கொடுத்து ஏதும் எழுதப்பட்டால் உள்ளே இருப்பதெல்லாம் குழம்பிவிடும்.

இலக்கம் என்னிடம் இல்லை. ஆனால் கடதாசியைக் கறையான் தின்னும் என்று, முந்தின முறையே மேசைக்கு மேலே மண்சுவரில் திருகாணி முனையால் கீறிவிட்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தால் சுவர் பளீரென்று பால்வெள்ளை. மாகிறேற் அக்கா, பாதர் செய்கிற உதவிக்கு நன்றியாக, போன கிழமைதான் தன் கையாலேயே இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்திருக்கிறார்! விசயம் தெரிந்ததும் மனுசி தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். எனக்கு அழுகை வராத குறை.

ஆனால் இருந்தது அரை நிமிடம்தான். எழும்பிவந்து, கண்ணை மூடி, விரல் நுனியால் சுவரைத் தடவத் தொடங்கினார். "ஒன்பது... ஏழு..." மூன்றாவதில் விரல் நின்றது. ஒன்றா ஏழா என்று நான் தடவிப் பார்த்தேன், எனக்குச் சுவர்தான் தெரிந்தது. அவா இன்னொரு தரம் தடவி ஏழு என்றார். ஐமிச்சம் சந்தேகம் இல்லையோ என்று கேட்டேன்.

"இருட்டுக்க வலைக்கண் கிழிஞ்சிருக்கோ எண்டு தடவிப் பாக்கிற கை தம்பி இது. ஏழெண்டா ஏழுதான்."

இன்னொரு துண்டு

ஏழுதான். டிஸ்க் கிறுகிறுவென்று சுற்றத் தொடங்கிய சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதல் வேலையாக எல்லாவற்றையும் இரண்டு பிளாப்பியில் ஏற்றினேன். வெள்ளிக்கிழமை காலை, முத்திரை குத்துகிற மை ஊற்றிய நாடாவில், பிறின்ரர் கறகறவென்று ஜெசிந்தாவின் துண்டை அடித்துத் தள்ளியது. பாதர் கையெழுத்துப் போட்டு ஊத்தைபடாமல் ஒரு உறைக்குள் வைத்தார். மூப்பரின் மகன் அதை எடுத்துக்கொண்டு அக்கராயனுக்குச் சைக்கிளில் பறந்தான். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசித்தார்கள், மறுநாளே கலியாணமும் நடந்தது.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த வெள்ளிக்கிழமையைத்தான். உறை போன பிறகும் மாகிறேற் அக்கா போகவில்லை. சீலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றார். "தம்பி, அவற்ற பேரும் உதுக்குள்ள கிடக்கோ?" என்றார். அவர் என்றால் கடலோடு போன கணவர். இடம்பெயர்ந்ததில் அவருடைய படமோ ஒரு துண்டுக் கடதாசியோ மிஞ்சவில்லையாம். தேடினேன். இருந்தார். அடித்துக் கொடுத்தேன். இங்கிலீஸ் தெரியாததால் அவா அதைப் பாதரிடம் நீட்டினார். பாதர் மெதுவாக வாசித்தார்: பெயர், தாய், தகப்பன், ஞானத்தாய், பிறந்த திகதி.

பிறந்த திகதியில் மாகிறேற் அக்கா கையை உயர்த்தினார். "ஒருக்கா நில்லுங்கோ பாதர். அது நான் பிறந்த வருசமெல்லோ?" ஓம், அதே வருசம். அக்கா மாசி மாதம், அவர் ஆவணி, ஆறு மாதம் இளையவர். மனுசி பாதரின் கையிலிருந்து துண்டைத் திருப்பி வாங்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரித்துச் சிரித்துக் கண்ணால் தண்ணீர் ஓட, அந்தத் துண்டை நெஞ்சோடு வைத்து அழுத்திக்கொண்டு சொன்னார்:

"என்னிலும் மூண்டு வயசு மூப்பெண்டு சொல்லிக் கட்டினவர் பாதர், மூப்பெண்டு பயந்து பதினாலு வருசம் வாய் காட்டாமல் இருந்திட்டன், இருக்கட்டும், அங்க மேல வந்து கேக்கிறன்."

கம்பியூட்டர் பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்த நான், அதற்குப் பிறகு கலியாணம் கட்டிய ஆண்கள் இருக்கிற இடத்தில் அந்தப் பேச்சை எடுப்பதேயில்லை.