சில்லு மூக்கு மாப்பிள்ளை

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாதா கோவிலில் பூசை முடிந்ததும் என் தம்பி அருளின் கல்யாண அறிவிப்பை, அதாவது ஓலையை, முதல் முறையாக வாசித்தார்கள். "இந்தச் சம்பந்தம் எப்படி அமைஞ்சுச்சு?" என்று வாசலில் நாலு பேர் கேட்டார்கள். மூக்கால் அமைந்தது என்றேன். யாரும் நம்பவில்லை. நீங்களாவது நம்புங்கள்.

அருள் காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறான். முப்பது வயதாகிவிட்டது. இதுவரை பார்த்த மூன்று பெண் வீட்டிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அதனால்தான் கத்திரி வெயிலையும் பார்க்காமல் அம்மாவும் நானும் அவனைக் கூட்டிக்கொண்டு சிங்கம்புணரிக்கு பஸ் ஏறினோம். புது வெள்ளைச் சட்டை வேறு.

பெண் பெயர் ஸ்டெல்லா. அந்த ஊரில் ஒன்றாம் வகுப்பு டீச்சர். காபி டிரேயோடு வந்து நின்றாள். அருள் நிமிர்ந்து பார்த்தான். அவ்வளவுதான்... மூக்கிலிருந்து பொலபொலவென்று ரத்தம். எல்லாம் வெள்ளைச் சட்டையில்.

"நாலாவது வீடும் போச்சுடி" என்றார் அம்மா, என் காதில்.

பிறகென்ன? ஆளுக்கொரு வைத்தியம். பெண்ணின் அப்பா, "தலைய அண்ணாத்துங்க தம்பி" என்று அவன் நாடியைப் பிடித்துத் தூக்கினார். அவளுடைய சித்தப்பா ஓடிப்போய் ஒரு இரும்புச் சாவியைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார்.

"சித்தப்பா, அது வலிப்புக்குல்ல குடுப்பாக?" என்றாள் ஸ்டெல்லா.

"ரெண்டுக்கும் கேக்கும்த்தா."

அண்ணாந்திருந்த அருள் ரத்தத்தை விழுங்கிவிட்டு இருமத் தொடங்கினான். ஸ்டெல்லா டிரேயைக் கீழே வைத்தாள்.

"எல்லாரும் கொஞ்சம் அங்குட்டு நகருங்க. அண்ணாந்தா ரத்தம் தொண்டைக்குத்தான் போகும். நீங்க முன்னால குனிங்க. வாயால மூச்சு விடுங்க. ரத்தம் வாய்க்கு வந்தா துப்பிருங்க, முழுங்காதீக. மூக்க அமுக்கிப் பிடிங்க."

அவன் மேலே எலும்பைப் பிடித்தான்.

"அங்க இல்ல. கீழ, மெத்துன்னு இருக்குல்ல... அங்க."

அவனுக்கு இடம் பிடிபடவில்லை. பொறுமையிழந்த டீச்சர் தானே பிடித்துவிட்டாள். இறுக்கமாக. அம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"பத்து நிமிசம் விடக் கூடாது. நடுவுல எடுத்து எடுத்துப் பாத்தா நிக்காது."

பத்து நிமிடம் சும்மா எப்படி உட்கார்ந்திருப்பது? பெண்ணின் அப்பா விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி எங்க வேல பாக்குறீக?"

"பருந்துக் கடை."

"பருந்தா?" சித்தப்பா என்னைப் பார்த்தார்.

"மருந்துங்க" என்றேன்.

அப்போதுதான் ஸ்டெல்லா, ஒன்றாம் வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டாள். "பஸ்ல வாரப்ப மூக்க நோண்டுனீகளா?"

 அம்மா என் தொடையைக் கிள்ளினார். எந்த மாப்பிள்ளை இதற்கு ஆமாம் என்பான்? வெயில் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம் – அது பாதி நிஜமும்கூட. அருள் கொஞ்சம் யோசித்தான்.

"ஆபா" என்றான். "ரொப்ப."

ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். ஆனால் பிடியை விடவில்லை.

"வெயிலுக்கு மூக்குக்குள்ள காஞ்சு கெடக்கும். நகம் பட்டா சில்லு மூக்கு ஒடையத்தான் செய்யும். எங்கிளாஸ்லயும் இப்படித்தான். கேட்டா ஒருத்தனும் ஒத்துக்க மாட்டான்."

நேரம் முடிந்து விரலை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. "இன்னைக்குப் பூரா மூக்கச் சிந்தாதீக" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் அப்பாவும் பின்னாலேயே போனார். அவள் சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. "பொய் சொல்லத் தெரியலப்பா. சரின்னு சொல்லிருங்க."

மறுநாள் அருளை டாக்டரிடம் காட்டினோம். பிரஷர் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அழுத்திப் பிடித்தும் அரை மணி நேரத்தில் நிற்காவிட்டாலும், அடிக்கடி வந்தாலும் தாமதிக்காமல் வந்துவிட வேண்டுமாம்.

சம்பளம், சொந்த வீடு, குடிப்பழக்கம்... மாப்பிள்ளையைப் பற்றி எதையெல்லாம் விசாரிக்கிறோம்! அவன் உண்மை பேசுவானா என்று யார் கேட்கிறோம்? கேட்டாலும் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் கைப்பிடித்த மனைவி. என் தம்பிக்கு மட்டும் – மூக்கைப் பிடித்த மனைவி.